பார் மூடியாச்சு: ஒரு ஆங்கிலச் சொல்லும் பழவேற்காட்டு முகத்துவாரமும்

"பழவேற்காட்டில் பார் மூடிவிட்டது, மீனவர்கள் மறியல்." இப்படி ஒரு செய்தியை ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிட்டால் என்ன பதில் வரும்னு உங்களுக்கே தெரியும். "டாஸ்மாக் மூடினா மறியல் பண்ணத்தானே செய்வாங்க மச்சி" என்று ஒருத்தன் ஆரம்பிப்பான், அப்புறம் ஐம்பது ஸ்டிக்கர் வரும். ஆனா அந்தச் செய்தி ஆங்கில நாளிதழ்களில் கிட்டத்தட்ட இதே வடிவத்தில் அடிக்கடி வரும் செய்திதான். 'பார் மௌத்' மூடிவிட்டது, படகுகள் கடலுக்குப் போக முடியவில்லை, கிராம மக்கள் போராட்டம். அங்கே பார் என்பது மணல்.

ஆங்கிலத்தில் மூணே மூணு எழுத்து. நாம எல்.கே.ஜி.யிலிருந்து ஆங்கில மீடியம் படிச்சவங்க, இந்தச் சொல்லுக்கு அகராதி பார்க்கணும்னு நமக்குத் தோணவே தோணாது. பார்த்தால் பக்கம் பக்கமாகப் போகுது. இந்தப் பாடத்தில் அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கலாம். அதுக்குப் பழவேற்காடு எதுக்கு என்றால், இந்தச் சொல்லின் முக்கால்வாசி அர்த்தமும் அந்த ஒரே ஏரிக்கரையில் நின்றபடி காட்டிவிடலாம். அகராதியை விட அது சுலபம்.

முதலில் வேர். பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து 12ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய மூலம் தெரியவில்லை என்றுதான் அகராதிகள் குறிக்கின்றன. வந்தபோது அதன் பொருள், கதவைச் சாத்திவிட்டு உள்பக்கம் குறுக்கே போடும் கட்டை. பழைய வீடுகளில் பார்த்திருப்பீங்க, தாழ்ப்பாளை நம்பாமல் ரெண்டு கொக்கியில் ஒரு மரக்கட்டையை மாட்டியிருப்பாங்க. அந்தக் கட்டையை மனசில் வைத்துக்கொள்ளுங்க. அதுக்கு ரெண்டு குணம். ஒன்று, அது நீளமான, நேரான, கெட்டியான ஒரு பொருள். இரண்டு, அது குறுக்கே கிடந்து தடுக்குது. இந்தச் சொல்லின் எந்த அர்த்தத்தை எடுத்தாலும் இந்த ரெண்டு குணத்தில் ஒன்று அதில் இருக்கும்.

நீளமான கெட்டிப் பொருள் என்ற பக்கம் ரொம்ப எளிது. சிவில்காரர்களுக்குக் கம்பி. சைட்டில் யாரும் பார் என்று சொல்லமாட்டாங்க, கம்பிதான், கம்பி கட்டுறவர்தான். ஆனா டிராயிங்கில் 'பார் பெண்டிங் ஷெட்யூல்' என்றே இருக்கும். (விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, வர்க்கப்படுத்தி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பிக்குச் சுமார் 0.89. வைவாவில் கேட்பாங்க.) தங்கக் கட்டியும் பார், சாக்லேட்டும் பார். துணி துவைக்கிற 'பார் சோப்பு' தமிழாகவே ஆகிவிட்டது. கடைக்காரர் நீளக் கட்டியிலிருந்து துண்டு போட்டுக் கொடுத்த காலத்துப் பெயர் அது. பொருள் போய் வெறும் வடிவம் மட்டும் மிஞ்சினால் பார் சார்ட், பார்கோடு, கீபோர்டின் ஸ்பேஸ் பார். இதில் மேற்கொண்டு சொல்ல எதுவும் இல்லை.

குறுக்கே தடுக்கிற பக்கம்தான் விஷயம் இருக்கு. இங்கிலாந்து நீதிமன்றங்களில் நீதிபதி உட்காரும் இடத்தையும் மற்ற கூட்டத்தையும் பிரிக்க ஒரு மரத் தடுப்பு இருந்தது. அந்தத் தடுப்பின் பெயர் வக்கீல் தொழிலுக்கே பெயராகி, பாரிஸ்டர் வந்தார், 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டப்படி நம்ம நாட்டில் பார் கவுன்சில் வந்தது. சாராயக் கடையிலும் அதே கதைதான். பாட்டில் இருக்கும் பக்கத்தையும் குடிப்பவர் பக்கத்தையும் பிரிக்கும் நீளப் பலகை, அந்தப் பலகையின் பெயர் கடைக்கே ஒட்டிக்கொண்டது. ஆக வக்கீல் அண்ணனும் நம்ம ஹாஸ்டல் அண்ணனும் நிற்பது ஒரே கட்டையின் முன்னாலதான். சிறைக்குப் போனவரை ஆங்கிலத்தில் 'பிஹைண்ட் பார்ஸ்' என்பாங்க. நம்ம ஆள் அங்கே சும்மா இருக்கமாட்டான், கம்பி எண்ணுவான். ஒரே கம்பிதான், ஆனா தமிழில் அவனுக்கு ஒரு வேலையும் கொடுத்து அனுப்பியிருக்கோம்.

இப்போ கடல்.

ஆறோ ஏரியோ கடலில் சேரும் வாய்க்குக் குறுக்கே தண்ணிக்கு அடியில் சேரும் மணல் மேட்டுக்கு மாலுமிகள் பார் என்று பெயர் வைத்தார்கள். கதவுக்குக் குறுக்கே கட்டை மாதிரி, துறைமுக வாசலுக்குக் குறுக்கே மணல். அலை உடைவதைப் பார்த்துதான் அது எங்கே இருக்கு என்றே தெரியும். அதைத் தாண்டும்போது கப்பல் தரைதட்டலாம், படகு கவிழலாம். ஆங்கிலக் கவி டென்னிசன் 1889இல் தன் முதுமையில் எழுதிய 'கிராஸிங் தி பார்' என்ற கவிதையின் பெயரே இதிலிருந்து வந்ததுதான். அவர் சாவை அந்த மணல் மேட்டைத் தாண்டுவதாகச் சொல்கிறார். நம்மில் சிலர் அதைப் பள்ளியில் படித்திருப்போம். பழவேற்காட்டுக்காரர்கள் அதே பாரை வேலைக்குப் போக ஒரு தடவை, வீடு திரும்ப ஒரு தடவை என்று தாண்டுகிறார்கள்.

ஊரைத் தெரியாதவங்களுக்கு: சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வழியாகப் போகணும். சுமார் 60 கி.மீ. நீளத்துக்குக் கிடக்கும் ஏரி. உவர்நீர் ஏரிகளில் இந்தியாவிலேயே சிலிக்காவுக்கு அடுத்த பெரியது. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு முனைதான் நம்மிடம். டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். இந்த ஊர்த் துணி கப்பலேறிப் போய், ஆங்கிலத்தில் கட்டம் போட்ட கைக்குட்டைக்கு 'புலிக்கட்' என்றும், மலாய் மொழியில் கட்டம் போட்ட கைலிக்கு 'காய்ன் பெலிக்காட்' என்றும் பெயர் வந்தது. சொல் கடன் வாங்கியது மட்டும் இல்லை, கொடுத்தும் இருக்கோம்.

ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஒரு நீள மணல் திட்டு, அதுதான் ஸ்ரீஹரிகோட்டா. இந்த மாதிரித் தீவுக்கு ஆங்கிலத்தில் 'பேரியர் ஐலண்ட்'. பேரியர் என்பதும் நம்ம பாரின் பிள்ளைதான். அந்தக் குறுக்குக் கட்டை இல்லாவிட்டால் பழவேற்காட்டில் ஏரியே கிடையாது, வெறும் கடல்தான். அதே கட்டை இடைவெளியே இல்லாமல் முழுசா அடைத்துக்கொண்டாலும் அது இப்போ இருக்கிற ஏரியாக இருக்காது. திறந்து மூடுகிற கதவாக இருந்தால்தான் அது பழவேற்காடு. அந்தக் கதவுக்கு ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர் முகத்துவாரம்.

மணல் எப்படி வந்து அடைக்குது? அலை கரைக்கு நேராக வருவதில்லை, சாய்வாக வருது. வரும்போது மணலைச் சாய்வாக மேலே ஏற்றுது, திரும்பும்போது சரிவில் நேராகக் கீழே இழுக்குது. ஒவ்வொரு மணல் துகளும் இப்படி ரம்பப் பல் மாதிரி நடந்து நடந்து கரையோரமாகவே போகுது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வடக்கே, வடகிழக்குக் காலத்தில் தெற்கே. வருஷக் கணக்கை நேர் செய்தால் நம்ம கரையில் வடக்கே போவதுதான் அதிகம். நம்பிக்கை இல்லையென்றால் சென்னைத் துறைமுகத்தைப் பாருங்க. கடலுக்குள் சுவர் நீட்டியதும் தெற்கே வந்த மணல் தேங்கி மெரினா அகலமாச்சு. வடக்கே மணல் வராமல் ராயபுரம், காசிமேடு பக்கம் கரை அரித்துப்போய்க் கருங்கல்லைக் கொட்ட வேண்டி வந்தது.

முகத்துவாரத்தில் இந்த நடக்கும் மணலுக்கும் ஏரித் தண்ணிக்கும் தினமும் இழுபறி. ஓதம் ஏறும்போது கடல்நீர் உள்ளே, வற்றும்போது ஏரிநீர் வெளியே. அந்த ஓட்டம் வேகமாக இருக்கும்வரை வாசலைக் கழுவிக்கொண்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணி ஆறு வெள்ளம் கொண்டுவந்தால் வாசல் அகலும். கோடையில் ஆறு வறண்டு, ஓதமும் பலமில்லாமல் போனால் மணல் ஜெயிக்கும். ஏரியின் சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டர்தான், அதனால் உள்ளே தள்ளுவதற்குப் பெரிய தண்ணீர்ச் சரக்கும் இல்லை. ஏரி தூர்ந்துகொண்டே வந்தால் இந்தச் சண்டையில் அது இன்னும் தோற்கும்.

வாசல் அடைத்தால் ரெண்டு பக்கமும் அடி. கடல் மீன்பிடிக்குப் போகும் ஃபைபர் படகுகள் உள்ளே மாட்டிக்கொள்ளும். ஏரியை நம்பியிருப்பவங்களுக்கு அடி கொஞ்சம் தாமதமாக விழும். இறால் முட்டையிடுவது கடலில். பொடிக் குஞ்சுகள் ஓதத்தோடு ஏரிக்குள் வந்து, ஆழமில்லாத தண்ணியில் வளர்ந்து, பருவம் வந்ததும் கடலுக்குத் திரும்பும். வாசல் மூடியிருந்தால் குஞ்சு உள்ளே வராது. மடவைக்கும் நண்டுக்கும் கூட இந்தப் போக்குவரத்து தேவை. அதோடு கோடையில் அடைபட்ட தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறிக்கொண்டே போகும்.

பல வருஷமாக நடந்தது என்னவென்றால், மூடினால் இயந்திரம் வைத்து வெட்டுவது, கொஞ்ச காலத்தில் திரும்ப மூடுவது. நிரந்தரத் தீர்வாக சுமார் 27 கோடி ரூபாயில் வாசலின் ரெண்டு பக்கமும் கல் சுவர் போடும் திட்டத்தை மாநில அரசு எடுத்தது. அந்தச் சுவருக்குப் பெயர் 'ட்ரெய்னிங் வால்'. (தண்ணிக்கு ட்ரெய்னிங் கொடுக்கும் சுவர். அந்தச் சொல்லைப் பற்றித் தனியாக ஒரு பாடமே எழுதலாம்.) சுவர் வாசலைக் காப்பாற்றும். ஆனா மெரினா, ராயபுரம் கணக்கு இங்கேயும் உண்டு, வடக்கே போக வேண்டிய மணலுக்கு என்ன ஏற்பாடு என்பதையும் டிசைன் பதில் சொல்லணும். தெற்கே எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவே இருக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராகப் பெரிதாக்கும் யோசனை வந்தபோது இந்தக் கிராமங்கள் எதிர்த்ததும் இதனால்தான். கரையில் எங்கே கல் போட்டாலும் மணலின் நடை மாறும் என்பது அவர்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்ட விஷயம் இல்லை.

இங்கே சொல் ஏன் முக்கியம் என்று கேட்டால், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி மக்கள் கருத்துக் கேட்புக்கு முன்னால் அறிக்கையின் சுருக்கத்தை அந்தந்த ஊர் மொழியிலும் தரணும். முழு அறிக்கை ஆங்கிலத்தில், பல நூறு பக்கம் இருக்கும். அந்தச் சுருக்கத்தை எழுதப்போவது நம்மை மாதிரி யாரோ ஒரு ட்ரெய்னி எஞ்சினியர்தான். 'பார் மௌத்' என்பதை ஒரு மொழிபெயர்ப்பு செயலியில் போட்டுப் பார்த்தேன், 'பட்டை வாய்' என்று வந்தது. கூட்டத்துக்கு வரும் ஒரு அக்கா அதைப் படித்துத் தன் வீட்டுக்காரர் தினமும் தாண்டும் இடம் அதுதான் என்று புரிந்துகொள்ள வழியே இல்லை. முகத்துவாரம் என்று எழுதினால் ஒரு நொடியில் புரியும். அதில் சேரும் பாருக்கு மணல் திட்டு அல்லது மணல் மேடு. பெரிய கலைச்சொல் எதுவும் தேவையில்லை.

அடுத்து, வினைச்சொல். 'பார்' என்றால் தடு. கதவில் கட்டை போடுவதுதான் இதற்கும் மூலம். ஆள் ஒரு இடத்துக்குள் போவதையோ ஒன்றைச் செய்வதையோ தடுத்தால் 'பார்ட் ஃப்ரம்' என்று எழுதணும். பின்னால் 'ட்டூ' போடக்கூடாது, 'ஃப்ரம்', அதற்குப் பிறகு 'இங்' சேர்ந்த வினை. 'பேன்' என்பது சட்டம் போட்டு ஒரு செயலையோ பொருளையோ நிறுத்துவது. ரெண்டும் பல இடத்தில் ஒன்றுக்கொன்று மாற்றாக வரும், ஆனா நாற்றம் வேறு. பழவேற்காட்டில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடிக்குத் தடை. 2017க்கு முன்னால் அது 45 நாள். இது பேன், ஒரு செயலுக்கு. நாட்டுப் படகுக்கு அது பொருந்தாது. ஆனா ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில், ஆபத்து எல்லைக்குள் கடலுக்குப் போகாதீங்க என்று கிராமங்களுக்கு அறிவிப்பு வரும். படகு எந்த வகையாக இருந்தாலும் சரி, அன்றைக்கு அந்த ஆள் அந்தப் பக்கம் போகக்கூடாது. இது பார். நாம ஹாஸ்டல் மாடியில் நின்று வானத்தில் கோடு தெரியுதான்னு பார்க்கிற அதே நேரம் அவர்களுக்கு ஒரு நாள் வருமானம் இல்லை. 2011 டிசம்பர் 25இல் ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த பிறகு சுற்றுலாப் படகு சவாரிக்குப் போட்ட தடையும் உண்டு. அதை எந்தச் சொல்லால் எழுதுவீங்க என்று யோசித்துப் பாருங்க.

அரசாங்கம் இல்லாமல் ஊரே போட்டுக்கொண்ட ஒரு ஏற்பாடும் இங்கே இருக்கு, அதன் பெயர் பாடு. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்களில் யார் எந்த நாளில் சுத்துவலை போடலாம் என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்வாங்க. இதனால் நல்ல இடம் ஒரே ஆள் கையில் சிக்காது. பாட்டில் பங்கு இல்லாத கிராமத்தார் அந்த இடத்தில் அந்த வலையைப் போட முடியாது, அதை வைத்துப் பல சண்டையும் வழக்கும் வந்திருக்கு. ஒரே ஏற்பாடு, உள்ளே இருப்பவருக்கு உரிமை, வெளியே இருப்பவருக்கு ஆங்கில பார். பாடு என்ற தமிழ்ச் சொல்லையும் கவனியுங்க. படும் கஷ்டமும் பாடு, 'அவன் பாட்டுக்குப் போனான்' என்பதிலும் அதே பாடு, மீன் கிடைத்தாலும் 'நல்ல பாடு'. ஆங்கிலத்துக்கு மட்டும்தான் ஒரு சொல்லில் பத்து அர்த்தம் என்று நினைக்க வேண்டாம்.

இந்தக் குடும்பத்தில் நமக்கு ரொம்பப் பழக்கமான ஆள் 'டிபார்'. 75% அட்டெண்டன்ஸ் இல்லையென்றால் பரீட்சை எழுத விடாமல் கதவில் போடும் கட்டை. வக்கீலின் உரிமத்தைப் பறித்தால் 'டிஸ்பார்'. ரெண்டையும் மாற்றிப் போட்டால் சிரிப்பாங்க.

கடைசியாக ஒரு ஏமாற்று. அழுத்தத்தை அளக்கும் பார் இந்தக் குடும்பமே இல்லை. அது எடை என்று பொருள்படும் 'பாரோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, பாரோமீட்டரின் சொந்தக்காரன். அளவீடாக அறிமுகப்படுத்தியவர் நார்வே வானிலை அறிஞர் வில்ஹெல்ம் பியெர்க்னஸ். எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று, வேர் வேறு. அகராதியில் இதற்குத் தனி எண் போட்டுத் தனிப் பதிவாகவே இருக்கும். ஒரு பார் என்பது 1,00,000 பாஸ்கல், ஏறக்குறைய நம்ம தலைமேல் இருக்கும் காற்றின் அழுத்தம். ஒரு மீட்டர் ஆழமுள்ள ஏரியின் அடியில் தண்ணீர் மட்டும் தரும் அழுத்தம் 0.1 பார். ஏரிக்கு அந்தப் பக்கம் கிளம்பும் ராக்கெட்டின் விகாஸ் எஞ்சினுக்குள் 50 பாருக்கு மேல்.

சம்பந்தமே இல்லாத இந்த ரெண்டு பாரும் புயலில் சந்தித்துக்கொள்ளும். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். 30 மில்லிபார் குறைந்த புயல் கரையை நெருங்கினால் அழுத்தக் குறைவால் மட்டுமே 30 செ.மீ., காற்று தள்ளிக்கொண்டு வருவது அதற்கு மேல் தனி. சராசரி ஒரு மீட்டர் ஆழ ஏரிக்கு 30 செ.மீ. சின்ன விஷயம் இல்லை. அப்போ கடல் மணல் மேட்டைத் தாண்டி உள்ளே வரும்.

'ரெய்ஸ் தி பார்' எல்லாம் ப்ளேஸ்மெண்ட் டாக்கில் ஹெச்.ஆர். தினமும் சொல்வதுதான், உயரம் தாண்டும் போட்டியின் குறுக்குக் கம்பியிலிருந்து வந்தது, அதை விட்டுவிடலாம். உபயோகமானது 'பார்ரிங்'. 'பார்ரிங் ஸ்டார்ம்ஸ், தி போட்ஸ் வில் லீவ் அட் ஃபோர்' என்றால், புயல் கியல் வராவிட்டால் படகுகள் நாலு மணிக்குக் கிளம்பும். 'ஆல் பார் ஒன்' என்றால் ஒன்றைத் தவிர எல்லாம்.

தமிழில் எழுதும்போது இன்னொரு தொல்லை. நம்ம 'பார்' பார்க்கச் சொல்லும், உலகத்தையும் குறிக்கும். இதில் எனக்குப் பிடித்தது மூன்றாவது ஒன்று. தெற்கே தூத்துக்குடிக் கடலில் தண்ணிக்கு அடியில் இருக்கும் பாறைத் தளத்துக்குப் பார் என்றே பெயர். முத்துக்குளித்த இடங்கள் எல்லாம் பார்கள், 'தோலாயிரம் பார்' அதில் பேர்பெற்றது. பாறை இருந்தால் சிப்பி ஒட்டும், மீன் கூடும். ஆங்கில பாருக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது, சும்மா ஒலி ஒற்றுமை. ரெண்டுமே கடலுக்கு அடியில் மேடாக இருப்பதுதான் வேடிக்கை. தூத்துக்குடிக்காரர் பாரைத் தேடிக்கொண்டு படகை விடுவார். பழவேற்காட்டுக்காரர் பார் எங்கே இல்லையோ அந்த இடைவெளியைத் தேடி விடுவார்.